நிறுக்கப்படாத பளு

நெடுந்தூரம் ஓடுகிறவரின் காலில் வலி கண்டவுடன் வைத்தியரும் பயிற்றுநரும் உடன் ஓடுகிறவர்களும் ஒரே குரலில் சொல்லும் அறிவுரை, ஓய்வெடுக்க வேண்டும் என்பதே. மருத்துவ நோக்கில் அதில் பிழை காண்பது கடினம். ஆயினும் இலங்கை மலையகத்தின் ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓட வருகிறவர்களை மனதில் வைத்து அந்த அறிவுரையை மீண்டும் வாசித்தால், அது சொல்லாமலே எடுத்துக்கொண்ட ஓர் அனுமானம் மெல்லத் தலைகாட்டுகிறது. ஓடிய காலும் ஓய்வெடுக்க வேண்டிய காலும் ஒரே ஆளுக்குச் சொந்தம், அந்தக் காலின் அடுத்த நாளை அந்த ஆளே தீர்மானித்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. காலைப் பெரட்டில், அதாவது அன்றைய வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் கூடுகையில், பேர் கொடுத்தாக வேண்டிய ஒருவருக்கு இந்த அனுமானம் பொருந்துவதில்லை. இலங்கையின் விளையாட்டுப் பக்கங்கள் உபாதை என்று குறிப்பிடும் அந்த நோவு எங்கே தொடங்குகிறது, யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது, யாருடைய நேரத்தில் ஆறுகிறது ஆகிய கேள்விகள் மலையகத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து விடை சொல்ல முயலும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கைநழுவிப் போகிறது. அந்த நழுவலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மலையகத்தில் மரதன் என்ற சொல், 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டுப் பின்னர் நிலைபெற்ற 42.195 கிலோமீற்றர் என்ற அளவை எப்போதும் குறிப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாட்கள் முன்பாக நடக்கும் வீதியோட்டமும், தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தோட்டத்து இளைஞர் கழகங்கள் நடத்தும் சில கிலோமீற்றர் ஓட்டமும் மரதன் என்றே அழைக்கப்படுகின்றன. மூடுபனி இன்னும் கலையாத காலையில், தொழிற்சாலையின் மேல்மாடியில் வாடிக்கொண்டிருக்கும் கொழுந்தின் பச்சை மணம் பாதைவரை இறங்கி நிற்க, சப்பாத்து அணிந்தவர்களும் வெறுங்காலோடு நிற்பவர்களும் ஒரே கோட்டில் சேர்கிறார்கள். தார் உரிந்து சல்லி துருத்திய வளைவுகளைக் கடந்து அவர்கள் ஓடும்போது லயங்களின் இஸ்தோப்பில், அதாவது வரிசை வீடுகளின் முன்திண்ணையில், நிற்கிறவர்கள் வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். தோடம்பழத் துண்டும் குளுக்கோசும் கைமாறுகின்றன. இந்த ஓட்டங்களுக்கு முன்பாக ஒழுங்கான பயிற்சி பெரும்பாலும் கிடையாது. ஓட வரும் இளைஞர்களில் பலர் கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் கட்டட வேலைத் தளங்களிலும் நாள் முழுக்க நின்று உழைத்துவிட்டு, பண்டிகைக்கென்று இரவு பஸ்ஸிலோ புகையிரதத்திலோ ஊர் வந்து, இரண்டாம் நாள் காலையில் தொடக்கக் கோட்டில் நிற்பவர்கள். வீங்கிய முழங்காலோடு அதே வழியில் திரும்பிப் போகிறவர்கள். தொழில்முறையற்ற ஓட்டக்காரர் என்று உலகம் சொல்லும்போது கண்முன் வருகின்ற, வார இறுதியில் பயிற்சி அட்டவணையைப் பின்பற்றும் நகரத்து மனிதர் இங்கே அரிது. எனினும் ஓட்டம் அதே ஓட்டம்தான். கடைசி ஏற்றத்தில் மூச்சு நெஞ்சை அடைக்கும்போது ஒவ்வொருவரும் தமக்குள் நடத்தும் பேரமும் எங்கும் ஒன்றுதான்.

இந்த நிலத்தின் ஏற்றத்தைவிட இறக்கமே காலை அதிகம் கெடுக்கிறது என்பது வெளியார் எளிதில் நம்பாத உண்மை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் பெருவீதி 600 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தை இழக்கிறது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ அதே தசை உடலின் எடையைத் தடுத்து நிறுத்துவதற்காக நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. இவ்வகை இயக்கத்தில்தான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் கூடுதலாக விழுகின்றன என்றும், அவற்றின் நோவு ஓடிய அன்று தெரியாமல் அடுத்த ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சம் தொடுகிறது என்றும் உடலியல் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓடியவருக்கு அந்த உச்சம் திங்களும் செவ்வாயும் வருகிறது. அந்த இரண்டு நாட்களிலும் அவர் மலைக்கு, அதாவது தேயிலைத் தளத்துக்கு, ஏறியாக வேண்டும். மாலையில் கொழுந்தோடும் விறகோடும் அதே சரிவில் இறங்கியாக வேண்டும். மழை பெய்து வழுக்கும் குறுக்குப் பாதையில் சுமையோடு இறங்கும் கால் செய்வது, முந்திய நாள் வீதியில் செய்த அதே தடுப்பு வேலையைத்தான். உலகில் எந்தப் பயிற்சிக் கையேடும் கடும் இறக்க ஓட்டத்துக்கு மறுநாள் சுமையோடு இறங்குமாறு சொல்லாது. தோட்டத்தில் அது அட்டவணையில் இல்லாமலே நடந்தேறுகிறது. வேலையின் பளுவையும் ஓட்டத்தின் பளுவையும் தனித்தனி ஏடுகளில் எழுதிக்கொள்ளும் வசதி தசைக்கும் எலும்புக்கும் கிடையாது. அவை வந்து சேர்ந்த மொத்தத்தை மட்டுமே அறியும்.

முன்கால் எலும்பில் விழும் மயிரிழை முறிவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகிறது. ஒரே அடியில் உடையாமல், திரும்பத் திரும்ப விழும் சிறு அழுத்தங்களால் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தை மீறிச் சோர்ந்து கீறல் விடுவதே இம்முறிவு. தொடக்கத்தில் ஓடத் தொடங்கியதும் நோகும், உடல் சூடானதும் மறையும்; பிறகு ஓட்டம் முழுவதும் நோகும்; கடைசியில் படுத்திருக்கும்போதும் நோகும். முதல் கட்டத்திலேயே அந்த நோவுக்குச் செவிகொடுத்தவர் விரைவில் மீள்கிறார். ஆனால் நோவோடு வேலை செய்வதையே இயல்பாகக் கொண்ட ஓர் உடல் முதல் கட்டத்தை எச்சரிக்கையாக எண்ணுவதில்லை. கவ்வாத்து வெட்டும், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் நாளிலும், முள்ளுக் குத்தும், அதாவது மண்ணைக் குத்திக் கிளறும் நாளிலும் அந்த அளவு நோவு எல்லோருக்கும் இருக்கிறது. முறிவு உறுதியான பின் வேண்டப்படும் ஓய்வு பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை கிடைப்பதாக வைத்துக்கொண்டால் அந்தச் சம்பளத்தில் ஆறு வார ஓய்வின் விலை 48,600 ரூபா. நிர்ணயித்த அளவு கொழுந்து நிறையாத நாளில் முழுப்பேர் கிடையாமல் அரைப்பேர் விழும், அதாவது பாதி நாட்சம்பளமே கணக்கில் ஏறும் ஓர் ஒழுங்கில், மெதுவாக நடந்து வேலை செய்து காலைக் காத்துக்கொள்வதும் இயலாத காரியம். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவோடு வரவுக்கென்று 60 ரூபா தனியாகச் சேர்க்கப்பட்டிருந்ததும், 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வரவை ஒட்டிய ஊக்கத் தொகை மீண்டும் இடம்பெற்றதும், இந்தத் தொழிலில் வந்து நிற்றலே எவ்வளவு பெரிய மதிப்பாகக் கருதப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன. வராமலிருந்து ஆறுவதற்கு அதில் இடமே வகுக்கப்படவில்லை.

இங்கே தீர்க்க முடியாத ஒரு சிக்கல் எழுகிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க வழிவகுக்கிறது. தேயிலைத் தளத்தில் சறுக்கி விழுந்து உடைந்த கால் அதன் வரம்புக்குள் வரும். பொங்கல் மரதனில் உடைந்த கால் வராது. ஆனால் மாதக்கணக்காகச் சரிவுகளில் சோர்ந்து, பாதி கீறல் விட்ட நிலையில் தொடக்கக் கோட்டுக்கு வந்து, ஐந்தாவது கிலோமீற்றரில் உடைந்த எலும்பு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது? சட்டத்துக்கு உடைந்த கணமும் இடமும் வேண்டும். சோர்வினால் வரும் முறிவுக்குக் கணமும் இல்லை, இடமும் இல்லை. நீண்ட ஒரு வரலாறு மட்டுமே உண்டு. ஓடப் போனதால்தான் கால் போயிற்று என்று வீட்டாரும் தோட்டத்தாரும் சொல்வதைக் கேட்டு ஓட்டக்காரரும் அதையே நம்பத் தொடங்குகிறார். தம் விருப்பத்தின் பேரில் செய்த ஒரே காரியத்தின் மீது முழுப் பழியும் விழுவதை அவர் ஏற்றுக்கொள்வது, மருத்துவம் தொடாத இன்னொரு காயம்.

விளையாட்டாக ஓடும் உரிமையும் கைகால் உழைப்பும் ஒன்றாகச் சேர முடியாது என்று வெளிப்படையாகவே விதி எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1866இல் இலண்டனில் அமைந்த அமெச்சூர் மெய்வல்லுநர் கழகம் அந்தத் தசாப்தத்திலேயே வகுத்த வரையறை, பணத்துக்காக ஓடியவர்களை மட்டுமன்றி இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், கூலி உழைப்பாளி ஆகியோரையும் போட்டிக்கு வெளியே நிறுத்தியது. உடலால் பிழைப்பவருக்கு உடலில் நியாயமற்ற அனுகூலம் இருக்கிறது என்ற வாதம் அதற்குத் துணையாக வந்தது. 1880இல் அமைந்த அடுத்த சங்கம் அந்த விலக்கைக் கைவிட்டது. விலக்கு நடைமுறையில் இருந்த அதே ஆண்டுகளில், 1867இல், இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைவரை 200 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கால்நடையாகக் கடந்துகொண்டிருந்தன. காய்ச்சலிலும் கழிச்சலிலும் அந்தப் பாதையோரம் இறந்தவர்களின் முழுத்தொகை யாராலும் எழுதப்படவில்லை. பின்னாளில் தோட்டத் தபாலை நகரத்துத் தபாற்கந்தோரிலிருந்து நாள்தோறும் காலால் நடந்து சுமந்து வருவதற்கென்றே ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆள் வைக்கப்பட்டிருந்தார். அவரை நெடுந்தூர வீரர் என்று எவரும் குறிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தூரம் ஓடப்படும் கொம்ரேட்ஸ் ஓட்டத்தில் கறுப்பினத்தவரும் பெண்களும் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது 1975இல்தான். விதிகள் எங்கும் மாறிவிட்டன. உழைக்கும் உடலுக்கு ஓட்டம் ஒரு மிகை என்ற எண்ணம் மட்டும் விதி இல்லாமலே நிலைத்து நிற்கிறது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பழைய வழியை மக்கள் மீண்டும் நடந்தார்கள். முன்னோர் கட்டாயத்தில் கடந்த தூரத்தைத் தம் விருப்பத்தில் கடப்பதற்கு ஒரு பொருள் உண்டு என்பதை அந்த நடை விளக்கமின்றியே காட்டியது. மலையகத்து ஓட்டக்காரர் ஒவ்வொரு காலையிலும் செய்வதும் அதற்கு மிக நெருக்கமானது.

ஓய்வு என்ற சிகிச்சையின் வரலாறே அவ்வளவு உறுதியானதன்று என்பதையும் இங்கே கருத வேண்டும். 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் விளையாட்டுக் காயத்துக்கு ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரு சூத்திரமாக்கினார். அது உலகெங்கும் பாடமாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். 1998இல் சுவீடன் மருத்துவர் ஹாக்கான் ஆல்ஃபிரெட்சன், குதிகாலையும் கெண்டைத் தசையையும் இணைக்கும் நாணில் நாட்பட்ட வலி கொண்டிருந்த, பொழுதுபோக்காக விளையாடும் 15 பேரிடம் ஒரு பயிற்சியைச் சோதித்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது. நாளுக்கு இருமுறை, 12 வாரம். அவர்கள் அனைவரும் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்த சிந்தனை பெரும்பாலும் ஒரே திசையில் செல்கிறது: நாணும் எலும்பும் ஆறுவதற்கு முழு ஓய்வைவிட அளந்து ஏற்றப்படும் பளு தேவை, அந்தப் பளு வாரத்துக்கு வாரம் சிறிதாகக் கூட வேண்டும், ஏற்றிய மறுநாள் கால் என்ன சொல்கிறது என்று பார்த்தே அடுத்த படியை எடுக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். லயத்து இஸ்தோப்பின் படி ஒன்றே போதும். இந்த எளிமை முதலில் பெரும் ஆறுதலாகத் தோன்றுகிறது. ஆனால் அளப்பது என்ற சொல்லில் மனம் மறுபடியும் தடுக்கி நிற்கிறது. தோட்டத்தில் கொழுந்து நாளில் இரண்டு மூன்று தடவை மடுவம் எனும் கொட்டகையில் நிறுக்கப்படுகிறது. ஈரத்துக்கும் கூடைக்கும் கழிவு போடப்படுகிறது. கிராம் கணக்கில் வாக்குவாதம் நடக்கிறது. கொழுந்தைச் சுமந்து ஏறி இறங்கிய காலின் பளு மட்டும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. அளக்க முடியாத பளுவின் மீது அளந்த பளுவை ஏற்றுவதை எந்த வைத்தியர் எப்படிக் கணக்கிட்டுத் தருவார்?

அறிவுரையும் கிடைக்கும் இடத்தில் கிடைக்கிற அளவில்தான் வருகிறது. சுளுக்கு வழித்துவிடத் தெரிந்த முதியவர் ஒருவர் பெரும்பாலான தோட்டங்களில் இருக்கிறார். சித்தாலேப என்ற வலிக் களிம்பும் சூடாக்கிய எண்ணெயும் எல்லா வீட்டிலும் உண்டு. முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரைத் தேடிச் செல்வோரும் உண்டு. இவற்றை எளிதில் இகழ்வது சரியாகாது. நோவுள்ள காலை இன்னொருவர் பொறுமையோடு கையிலெடுத்துத் தடவும்போது கிடைக்கும் தெம்பு மெய்யானது, தசைப்பிடிப்பு தளர்வதும் மெய்யானது. மயிரிழை முறிவின் மேல் அழுத்தி வழிப்பது கேடு என்பதும் அதே அளவு மெய். தோட்ட மருந்தகங்கள் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் காயத்துக்குமாக அமைந்தவை. 2017இல் இந்திய உதவியோடு டிக்கோயாவில் 150 படுக்கைகளுடன் வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது அப்பகுதிக்குப் பெரிய வரவு. எனினும் ஓட்டக்காரரின் உபாதையைத் தனியாகப் படித்தவர்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் இருக்கிறார்கள். நொண்டும் காலோடு அங்கே போய் வருவதற்கு ஒரு முழு நாளும் ஒரு நாள் சம்பளத்துக்கு மேற்பட்ட செலவும் ஆகும்.

உயரத்தைப் பற்றிய பேச்சும் இதே முடிச்சில் வந்து சிக்குகிறது. நுவரெலியாவின் காற்றழுத்தம் கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ 80 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உடல் இதற்கு ஈடாகச் சிறுநீரகத்திலிருந்து ஓர் இயக்குநீரைச் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. 1997இல் உடலியல் ஆய்வாளர்களான லெவினும் ஸ்ட்ரே-குண்டர்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், 2,500 மீற்றரில் உறங்கி 1,250 மீற்றரில் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். பயிற்சி செய்த உயரம் ஏறத்தாழ ஹற்றனின் உயரம். உறங்கிய உயரம் ஏறத்தாழ பிதுருதலாகலை மலையின் உச்சி. இந்த ஒற்றுமையைக் கண்டதும் மலையகத்திலிருந்து பதக்கங்கள் தாமே விளையும் என்று பேசத் தோன்றுவது இயல்பு. ஆனால் சிவப்பணு பெருக இரும்புச் சத்து வேண்டும். இரும்பு இல்லாத உடலில் உயரம் வெறும் மூச்சுத் திணறலாகவே நின்றுவிடும். வெறுங்காலில் மண்ணில் நடப்பவரின் தோல் வழியே புகுந்து குடலில் குருதி உறிஞ்சும் கொக்கிப்புழுவை ஒழிக்க 1916இலேயே ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு இலங்கைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. சோகையால் வந்த சோர்வுக்குக் காரணம் சோம்பல் என்று அதுவரை சொல்லப்பட்டதற்கு அதுவே மறுமொழி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் சுமார் 32 சதவீதம். தேங்காய் ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீரும் சேர்ந்த காலை உணவில், தேநீரின் துவர்ப்புப் பொருள் தாவர உணவிலிருந்து கிடைக்கும் சிறிதளவு இரும்பும் உடலில் சேராமல் தடுக்கிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளித் தேநீர் குடித்தால் இழப்பு குறையும். விடியலுக்கு முன் அடுப்பு மூட்டிப் பெரட்டுக்கு ஓடும் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பெண்களின் நிலை இதில் இன்னும் கூர்மையானது. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அவர்களே. ஏற்றமும் இறக்கமும் சுமையும் ஒருங்கே அமைந்த நாள்கள் அவர்களுடையவை. மாதவிடாயால் இரும்பை இழப்பவர்களும் அவர்களே. பாடசாலை மட்டத்தில் மரதனில் முதல் வரிசையில் வரும் சிறுமிகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு ஓட்டப் பாதையில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அவர்களின் கால் வலிமை குன்றிவிடவில்லை. அது வேறு கணக்கில் சேர்க்கப்பட்டுவிடுகிறது. பெண்களால் 42 கிலோமீற்றர் தாங்க இயலாது என்று கருதி ஒலிம்பிக் பெண்கள் மரதனை 1984வரை நடத்தாதிருந்த உலகம், அதே காலத்தில் தோட்டத்துப் பெண்கள் நாளெல்லாம் மலையேறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

தேசிய மட்டத்தை எட்டியவர்கள் இல்லாமலில்லை. ஹற்றன் பகுதியிலிருந்து வந்து இராணுவ அணிக்காக 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் ஓடிய குமார் சண்முகேஸ்வரனின் பெயர் மலையகத்து வீடுகளில் பெருமையோடு சொல்லப்படுகிறது. அந்தப் பெருமை முழுக்க உரியதே. அவரைப் போன்றோரின் பாதை ஏறத்தாழ எப்போதும் இராணுவம் போன்ற ஒரு நிறுவனத்தின் வழியே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே மாதச் சம்பளம் உண்டு, உணவு உண்டு, உபாதை வந்தால் சம்பளத்தோடு கூடிய ஓய்வு உண்டு. திறமைக்கு மேலாக அந்த ஓய்வே மலையகத்தில் கிடைக்காத பொருள். உயரத்தைப் பயன்படுத்தி விளையாட்டு வளாகங்கள் அமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், மலையைப் பதக்கச் சுரங்கமாக மட்டும் காணும் பார்வை அதில் கலந்திருக்கிறதோ என்ற ஐயமும் எழுகிறது. கொழுந்து ஏற்றுமதியாவது போல ஓட்டக்காரரும் ஏற்றுமதியாகி, லயத்தில் எஞ்சுகிறவர்களின் கால் முன்போலவே கவனிக்கப்படாமல் கிடந்தால் அந்த வளாகம் யாருக்காக? கண்டியிலிருந்து நுவரெலியாவரை 300 கிலோமீற்றருக்கும் மேலாக 22 பகுதிகளாகத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் பெக்கோ நடைபாதை இன்று உலகெங்குமிருந்து நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் ஈர்க்கிறது. அவர்கள் வருவது நல்லதே. அந்தப் பாதைகளில் பல, கொழுந்தும் ஆளும் போவதற்காக வெட்டப்பட்டவை. அவற்றை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே பாதையில் மகிழ்ச்சிக்காக ஓடலாம், ஓடி நொந்தால் ஆறலாம் என்ற நிலை வரும்வரை அந்தப் பாதையின் அழகு பாதிதான்.

இவ்வளவும் எழுதிய பின்னும் ஓர் ஐயம் விலகவில்லை. எல்லாவற்றையும் சம்பளத்தோடும் சட்டத்தோடும் இரும்புச் சத்தோடும் கட்டிப் பேசும்போது, ஓடுகிறவர் ஏன் ஓடுகிறார் என்பது காணாமல் போய்விடுகிறது. களைத்த உடலுக்கு மேலும் களைப்பு எதற்கு என்று வீட்டார் கேட்கும் கேள்விக்கு அவரிடம் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. மறுநாள் விடியுமுன் அவர் மீண்டும் கதவைத் திறந்து வெளியே இறங்குகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய அடிகளை வேலையை மேற்பார்க்கும் எந்தக் கங்காணியும் எண்ணுவதில்லை. எவ்வளவு விரைவாக ஓடினாலும் எவருக்கும் கொழுந்து கூடுவதில்லை. பயன் கருதாத இந்தச் செலவே அவரை ஓட வைக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது. ஆகவே உழைப்பாளிக்கு ஓட்டம் வேண்டாம், ஊட்டம் மட்டும் போதும் என்று பரிவோடு சொல்லும் குரலும், 1866இல் அமைந்த அந்தக் கழகத்தின் விதியை வேறொரு வாசல் வழியாக உள்ளே விடுகிறது. உபாதைக்கு அஞ்சி ஓட்டத்தை நிறுத்துமாறு சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. ஓடுகிறவரைத் தனியே விட்டுவிடாதிருக்கும் கடமை மட்டும் உண்டு. 2024 மார்ச் மாதத்தில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவர் மயங்கி விழுந்து இறந்தார். வெப்பமும் நிலமும் வேறாயினும், அந்த மரணம் மலையகத்தில் ஓட்டம் நடத்தும் ஒவ்வொருவரையும் நோக்கிக் கேட்கும் கேள்வி அந்தக் கடமையைப் பற்றியதே.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஓட்டத்தை ஞாயிற்றுக்குப் பதிலாகச் சனியன்று வைத்தால் ஒரு நாளாவது கால் ஆறும். வீதியோட்டம் நடத்தும் பாடசாலையும் கோயிலும் இளைஞர் கழகமும், வெற்றிக் கேடயத்துக்கு முன்பாக, ஓடுகிறவர்களின் பின்னால் ஒரு வாகனத்துக்கும் முதலுதவி தெரிந்த ஒருவருக்கும் பணம் ஒதுக்க வேண்டும். வலியோடு வரும் சிறுமியைக் கோழை என்று திருப்பி அனுப்பாமல், எலும்பில் விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் நோகிறதா என்று பார்க்கும் அளவுக்கேனும் ஆசிரியர்கள் பயிற்றப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் பேசும் மேசையில் இன்னொரு கோரிக்கையையும் வைக்க வேண்டும்: தோட்ட மருந்தகம் எழுதித் தரும் ஓய்வுச் சீட்டு, மலையில் வந்த காயத்துக்கானாலும் ஓட்டத்தில் வந்த உபாதைக்கானாலும், வேறுபாடின்றிப் பேராகவே பதியப்பட வேண்டும்.